வேண்டாம் என்னும் சொல்

விருந்தினர் ஒருவர் நம் வீட்டிற்கு வருகிறார். பலகாரத் தட்டை அவர் முன் நீட்டுகிறோம். அவர் "வேண்டாம்" என்கிறார். அந்தச் சொல்லை நம்மில் யாரும் மெய்யான மறுப்பாகக் கொள்வதில்லை. "கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மீண்டும் நீட்டுகிறோம். அதற்கும் அவர் தயங்கினால், "எங்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாதா?" என்று சற்றே மனத்தாங்கலோடு கேட்கிறோம். இறுதியில் அவர் ஒரு முறுக்கையாவது எடுத்துக் கடித்த பின்னரே நமக்கு நிறைவு உண்டாகிறது. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நானும் இந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தேன். அடுத்த வீட்டார் அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை, வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்பார் என் தாயார். ஆசிரியனான பின் அந்தப் பாடத்தையே என் மாணவர்களுக்கும் நான் கற்பித்து வந்தேன்.

அந்தப் பாடத்தால் ஒரு சிறுவனின் உயிர் என் கண்ணெதிரே ஊசலாடியதையும், அதன் பின் நான் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுத முற்படுகிறேன். தலைமையாசிரியர் பொறுப்பில் இருப்பவன் தன் தவற்றைத் தானே எழுதுவது எளிதன்று. ஆயினும் இதைப் படிக்கும் ஆசிரியர் ஒருவரேனும் நான் செய்த தவற்றைச் செய்யாமல் தப்பினால் எழுதியதற்குப் பயன் கிட்டியதாகக் கருதுவேன்.

1990-களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது, கற்பித்தல் முறைகளும் குழந்தை உளவியலும் எங்களுக்குப் பாடங்களாக இருந்தன. முதலுதவியும் கற்பித்தார்கள். வெட்டுக்காயத்திற்குக் கட்டுப் போடவும், முறிந்த கையை அசையாமல் தாங்கிக் கட்டவும், மயங்கி விழுந்தவனுக்குக் காற்று விடவும் கற்றோம். தோட்டப்புறப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் என்பதால் பாம்புக்கடியைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கச்சான் பருப்போ ஓர் இறால் துண்டோ ஒரு மிடறு பாலோ ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்ற செய்தி மட்டும் எங்கள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் என் மனத்தில் தங்கவில்லை.

2010-ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில், மாணவர் நலப் பொறுப்பை ஏற்றிருந்த துணைத் தலைமையாசிரியராக நான் இருந்தேன். அன்று பள்ளியில் கலைமகள் விழா. வழிபாடு முடிந்ததும் மாணவர்கள் வரிசை வரிசையாகத் தரையில் அமர்ந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார்கள் வீட்டிலேயே அவித்துத் தாளித்துக் கொண்டுவந்த சுண்டலைச் சிறு கிண்ணங்களில் வழங்கினார்கள். கொண்டைக்கடலையோடு, கச்சான் என்று நாம் வழங்கும் நிலக்கடலையும் அதில் கலந்திருந்தது. நான் வரிசைகளுக்கு இடையே நடந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கிண்ணத்தைத் தொடாமல் தள்ளி வைத்திருந்தான். அதிர்ந்து பேசாத பிள்ளை. "ஏன் சாப்பிடவில்லை?" என்றேன். "வேண்டாம் ஐயா" என்றான். "பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சரசுவதி கோபித்துக்கொள்வாள். ஒரு வாயாவது சாப்பிடு" என்றேன். அவன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு மூன்று பருப்புகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆசிரியர் சொல்லைத் தட்டக் கூடாது என்பதையும் நாங்கள்தாமே அவனுக்குக் கற்பித்திருந்தோம்! நான் மனநிறைவோடு அடுத்த வரிசைக்குச் சென்றேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் உதட்டையும் கழுத்தையும் சொறிந்துகொள்வதாக ஒரு மாணவி ஓடி வந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தபோது இருமிக்கொண்டிருந்தான். பிறகு வாந்தி எடுத்தான். செரிமானக் கோளாறு என்று எண்ணி அவனை அலுவலகத்து வாங்கில் படுக்க வைத்தேன். வயிற்றில் தைலம் தடவச் சொன்னேன். வெந்நீர் கொடுக்கச் சொன்னேன். அவன் கண்ணிமைகள் வீங்கத் தொடங்கின. குரல் கம்மியது. மூச்சு விடும்போது சீழ்க்கைபோல ஓர் ஒலி எழுந்தது. சிற்றுண்டிச்சாலை நடத்திவந்த அம்மையார் வெந்நீர்க் குவளையோடு உள்ளே வந்தவர், அவனைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, இது வயிற்றுக் கோளாறு இல்லை. என் அண்ணன் மகனுக்கு இறால் சாப்பிட்டு இப்படித்தான் வந்தது. மூச்சு இழுக்குது பாருங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று கத்தினார்.

என் காரின் பின்னிருக்கையில் அந்த அம்மையார் அவனை மடியில் தாங்கிக்கொள்ள, மருத்துவமனைக்கு விரைந்தோம். அந்தப் பத்து நிமிடப் பயணத்தில் பின்னாலிருந்து கேட்ட மூச்சொலியை என்னால் இன்றும் மறக்க இயலவில்லை. அவசரப் பிரிவில் மருத்துவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "என்ன சாப்பிட்டான்?" அடுத்த கணம் அவன் தொடையில் ஊசி ஏறியது. அட்ரினலின் மருந்து. சில நிமிடங்களில் மூச்சு மெல்ல மெல்லச் சீரடைந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அவன் தாயார் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. மகனின் தலையைத் தடவிக்கொண்டே, "ஐயா, அவன் வேண்டாம்னு சொல்லலையா?" என்று கேட்டார். "சொன்னான் அம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கு நா எழவில்லை. "யார் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேனே" என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அன்று மாலை பள்ளிக்குத் திரும்பி அவனுடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில், நோய் பற்றிய பத்தியில், அந்தத் தாயாரின் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "கச்சான் ஆகாது. உடம்பு வீங்கும்." அதன் கீழே, படிவத்தைச் சரிபார்த்ததற்கு அடையாளமாக என் சுருக்கொப்பம் இருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அந்தத் தாள் இரும்பு அலமாரியில் உறங்கிக் கிடந்திருக்கிறது. தாய் சொன்னார், பிள்ளையும் சொன்னான், இருவர் சொல்லையும் நான் செவியில் ஏற்கவில்லை.

அதன் பிறகே இந்த நோயைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். 1902-ஆம் ஆண்டில் சார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கடல்வாழ் உயிரின் நஞ்சைக் கொண்டு நாய்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். முதல் முறை சிறிதளவு நஞ்சைத் தாங்கிய நாய், சில வாரங்களுக்குப் பின் அதனினும் குறைந்த அளவைப் பெற்றபோது நிமிடங்களில் மடிந்தது. முதல் முறை உடல் பாதுகாப்பைக் கற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, உடல் அதற்கு மாறானதைக் கற்றுக்கொண்டது வியப்பைத் தந்தது. இதை அவர்கள் 'அனாபிலாக்சிஸ்' என்று அழைத்தனர். இக்கண்டுபிடிப்பிற்காக ரிஷே 1913-இல் நோபெல் பரிசு பெற்றார். வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே 1906-இல் 'அலர்ஜி' என்னும் சொல்லை உருவாக்கினார். நாம் அதனை ஒவ்வாமை என்கிறோம்.

நோய்க்கிருமிகளோடு போரிடவேண்டிய உடலின் காவற்படை, தீங்கற்ற உணவைப் பகைவன் என்று தவறாகக் கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. கச்சானில் உள்ள புரதம் உட்புகுந்ததும், அதற்கெனவே உடல் முன்னர் உருவாக்கி வைத்திருக்கும் எதிர்ப்பொருள் அதை அடையாளங்காட்டுகிறது. உடனே சில உயிரணுக்கள் 'ஹிஸ்டமின்' முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. தோல் தடிக்கிறது, உதடும் நாவும் வீங்குகின்றன, மூச்சுக்குழல் சுருங்குகிறது, குருதி அழுத்தம் வீழ்கிறது. இவை அனைத்தும் சில நிமிடங்களில் நிகழக்கூடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சிலர் சொல்வது செரிமானத்தைச் சார்ந்த வேறொரு தொல்லை. அது உயிரைப் பறிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே பலர் ஒவ்வாமையை எளிதாகக் கருதிவிடுகிறார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. இந்தப் பிள்ளைகளுக்கு அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கச்சான் கிண்டிய கரண்டியை வேறு சட்டியில் இட்டாலும் சிலருக்கு அது போதும். வறுத்தாலும் அவித்தாலும் கச்சானின் தீங்கு நீங்குவதில்லை; இறாலும் அத்தகையதே. நம் நாட்டு உணவில் இவை எங்கெங்கே மறைந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. சாத்தேக் குழம்பு கச்சானால் ஆனது. நாசி லெமாக் பொட்டலத்தில் கச்சானும் நெத்திலியும் கண்ணுக்குத் தெரியும். சம்பலில் அரைத்த பெலாச்சான் தெரியாது. அது கூனிறாலால் ஆனது. பொட்டலமிட்ட பண்டங்களில் கச்சான், பால், முட்டை போன்றவை கலந்திருந்தால் மேலட்டையில் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கூறுகின்றன. சிற்றுண்டிச்சாலைத் தட்டில் வைக்கும் மீகோரிங்கிற்கு மேலட்டை ஏது? அங்கே சமைப்பவரின் அறிவே மேலட்டை.

2015-இல் நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றேன். ஆண்டுதோறும் புதிய மாணவர்களைச் சேர்க்கும் நாளில், படிவத்தைப் பெற்றுக்கொள்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பெற்றோரிடமும் நேரில் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். "நோய் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், ஒவ்வாமையை அவர்கள் நோயாகக் கருதுவதில்லை. "எதைச் சாப்பிட்டால் ஆகாது? குளவி, தேனீ கொட்டினால் எப்படியிருக்கும்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" என்று கேட்டால் உண்மை வெளிவருகிறது. ஆம் என்பவர்களை மருத்துவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான அறிவுரை பெற்றுவரச் சொல்கிறோம். எதைத் தவிர்க்க வேண்டும், என்ன அறிகுறி தோன்றும், உடனே என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்னும் நான்கையும் ஒரே தாளில், பிள்ளையின் படத்தோடு எழுதி, ஆசிரியர் அறையிலும் சமையற்கட்டின் உட்சுவரிலும் பெற்றோரின் ஒப்புதலோடு ஒட்டுகிறோம். மாற்று ஆசிரியர் வகுப்புக்குப் போகும்போது வருகைப் பதிவேட்டோடு அந்தத் தாளின் படியும் அவர் கைக்குப் போகிறது.

துணை உணவுத் திட்டம் 1979-ஆம் ஆண்டிலிருந்து நம் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளின் பசியைத் தணித்து வருகிறது. அந்தத் தட்டை வேண்டாம் என்று தள்ளும் பிள்ளைக்கு வீட்டிலும் காலை உணவு இருந்திருக்காது. ஆகவே தவிர்ப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அதே நேரத்தில், அதே தட்டில், அவன் உண்ணக்கூடிய உணவைக் கொடுத்தாக வேண்டும். சமையல் செய்யும் அம்மையார்களோடு உட்கார்ந்து பேசி, தனிக் கரண்டி, தனிச் சட்டி, முதலில் சமைத்து மூடி வைத்தல் என்னும் ஒழுங்கை உருவாக்கினோம். உண்ட பின் எல்லா மாணவரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார்கள். கிருமிநாசினி நீர்மம் கச்சான் பிசுக்கை அகற்றுவதில்லை என்பதை அவர்களுக்கு விளக்கியிருக்கிறோம். பிறந்தநாளுக்கு அணிச்சல் கொண்டுவரும் வழக்கத்தை மாற்றி, எழுதுகோலோ கதைப் புத்தகமோ கொண்டுவரச் சொன்னோம். தொடக்கத்தில் சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். இப்போது பழகிவிட்டது.

தாக்கம் வந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை பார்க்கிறோம். தோல் தடிப்போடு இருமலோ, குரல் கம்மலோ, மூச்சுத் திணறலோ, தொடர் வாந்தியோ, தலைசுற்றலோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. பேனா போன்ற வடிவிலுள்ள அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில், உடையின் மேலேயே, அழுத்திச் சில விநாடி பிடித்திருக்க வேண்டும். பிறகு 999-ஐ அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு விடத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடவே கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது. பிள்ளை தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். சில மணி நேரங்கழித்து இரண்டாம் தாக்கம் வருவதுண்டு. தைலம் தடவிக்கொண்டு நான் வீணாக்கிய நிமிடங்களின் விலையை இவற்றைக் கற்றபோதுதான் உணர்ந்தேன்.

முதல் ஒத்திகையில் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. ஊசியைப் பத்திரமாக வைப்பதாக எண்ணி அதை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தோம். ஒத்திகை மணி அடித்தபோது, சாவியை வைத்திருந்த எழுத்தர் வங்கிக்குச் சென்றிருந்தார்! அன்று முதல் அந்தப் பெட்டி பூட்டில்லாமல், பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஓரிடத்தில் இருக்கிறது. வெயிலேறும் பேருந்திலோ குளிர்பதனப் பெட்டியிலோ அதை வைப்பதில்லை. காலாவதி நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்திருக்கிறோம். எளிய குடும்பங்களுக்கு இந்த ஊசியின் விலை பெருஞ்சுமை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பயன்படுத்தாமலே எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்கென ஒரு சிறு நிதியை ஒதுக்கி வைத்திருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை வாங்கும் செலவைக் குறைத்துத்தான் அந்த நிதி உருவாயிற்று.

பாதுகாப்பு என்ற பெயரில் நாங்கள் செய்த இன்னொரு தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலும் முட்டையும் ஆகாத ஒரு மாணவியைச் சிற்றுண்டிச்சாலையில் தனி மேசையில் உட்கார வைத்தோம். ஒரு வாரம் ஆனதும் அவள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். "எனக்குப் பசிக்கவில்லை" என்றாள். அவள் வகுப்பாசிரியை பொறுமையாகப் பேசிப் பார்த்தபோது, "என்னோடு உட்கார்ந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள், டீச்சர்" என்று அழுதாளாம். மறுநாளே அந்தத் தனி மேசையை எடுத்துவிட்டோம். அவள் உண்ணக்கூடிய உணவையே கொண்டுவரும் தோழிகள் நால்வர் அவளோடு உட்காரும் ஏற்பாட்டைச் செய்தோம். அந்த நால்வரின் தாய்மார்களும் மனமுவந்து ஒத்துழைத்தார்கள். உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று உள்ளத்தை ஒடித்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை தன் நோயை வெளியில் சொல்லவே அஞ்சும்.

மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இன்றியமையாதது. 2017-இல் இலண்டன் நகரத்துப் பள்ளி ஒன்றில், பால் ஒவ்வாமையுள்ள 13 வயது மாணவன் மீது உடன்பயிலும் மாணவன் ஒருவன் விளையாட்டாகப் பாலாடைக்கட்டித் துண்டை எறிந்தான். தாக்கம் கடுமையாகி அந்த மாணவன் சில நாட்களில் இறந்துபோனான். எறிந்தவனும் சிறுவனே, அதன் விளைவை அவன் அறிந்திருக்கவில்லை. இந்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் எங்கள் காலைக்கூட்டத்தில் எடுத்துரைக்கிறேன். உணவைக் காட்டி மிரட்டுவது விளையாட்டன்று என்பதை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள்.

உணவு மட்டுமே காரணமாவதுமில்லை. நம் பெற்றோர் வெட்டிய பால்மரத்தின் பாலே சிலருக்கு ஆகாத பொருளாகிறது. ரப்பர்ப் பாலால் ஆன கையுறையும் ஊதற்பையும் அத்தகையோருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அவர்களுள் சிலருக்கு வாழைப்பழமும் ஆகாது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. விடியற்காலையில் பால் வெட்டப் போன என் பெற்றோரின் கையால் சோறுண்டு வளர்ந்தவன் நான். ஆயினும் உண்மை உண்மைதான். மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினத்தில் எங்கள் பள்ளி மண்டபத்தை இப்போது வண்ணக் காகிதத் தோரணங்களே அழகு செய்கின்றன.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? எதையும் தின்றோம், எதுவும் ஆகவில்லை" என்று முதியவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களை நான் மறுத்துப் பேசுவதில்லை. 1978-இல் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லயத்தில் இருந்த ஒரு சிறுமி, ஒரு நாள் இரவு இறால் குழம்புச் சோறு உண்ட சிறிது நேரத்தில் முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறினாள். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று திருநீறு மந்திரித்துப் போட்டார்கள். தோட்ட மருத்துவமனை டிரெசர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் சாவுக்குக் காரணம் ஒவ்வாமைதான் என்று இன்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் இது இல்லாமல் இருந்ததா, பெயர் இல்லாமல் இருந்ததா என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது.

இன்னும் சிலர், "கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வை அரைகுறையாகக் கேட்டதன் விளைவு இது. இலண்டனில் 640 குழந்தைகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்திலேயே கச்சான் உணவை உண்ணத் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கும், தவிர்த்தவர்களுள் நூற்றுக்கு 17 பேருக்கும் ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தது. இது வருமுன் காக்கும் வழி. அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யப்பட்டது. ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்குப் பாட்டியோ ஆசிரியரோ தம் விருப்பப்படி கொடுத்துப் பார்ப்பது கொடுமையாய் முடியும்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு, சப்ரினா ஷானன் என்னும் 13 வயது மாணவி பள்ளியில் உண்ட உணவினால் ஏற்பட்ட தாக்கத்தால் இறந்தாள். அவள் பெயரால் 2005-இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2006 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் வகுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அச்சட்டம் பள்ளிகளைப் பணிக்கிறது. ஒரு பிள்ளையை இழந்த பிறகு அங்கே அந்த ஏற்பாடு வந்தது. அத்தகைய இழப்பிற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் சொல்லாவிட்டாலும் ஒரு தாளும் ஒரு பெட்டியும் ஓர் ஒத்திகையும் எந்தச் சிறிய தமிழ்ப்பள்ளியாலும் இயலக்கூடியவையே.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நான் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உடலுக்கு மாறுபடாத உணவை உண்ண வேண்டும் என்று வள்ளுவர் அங்கே வற்புறுத்துவதையும் விளக்கியிருக்கிறேன். ஒருவனுக்கு மாறுபடாதது மற்றவனுக்கு மாறுபடும் என்னும் எளிய உண்மையை அந்தக் குறளிலிருந்து நான் கற்றுக்கொள்ளவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சொன்ன "வேண்டாம் ஐயா" என்னும் சொல்லிலிருந்து, மிகவும் காலந்தாழ்த்திக் கற்றேன்.

அந்தச் சிறுவன் இன்று வேலைக்குப் போகும் இளைஞன். சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். வழக்கம்போல் என் மனைவி பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவன் தயக்கமின்றி, "முறுக்கு எந்த எண்ணெயில் பொரித்தது, அம்மா?" என்று கேட்டான். என் மனைவி எண்ணெய்ப் பொட்டலத்தையே எடுத்து வந்து காட்டினார். செம்பனை எண்ணெய்தான். பிறகு ஏதோ நினைவு வந்தவராய், "அதே சட்டியில் கச்சான் பக்கோடாவும் போட்டேனே, தம்பி" என்றார். "அப்படியானால் வேண்டாம், அம்மா. தேநீர் மட்டும் போதும்" என்று அவன் சிரித்தான்.

எண்பது வயதைக் கடந்த என் தாயார் கூடத்து நாற்காலியில் அமர்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அவர் என்ன சொல்வாரோ என்று நான் சற்று அஞ்சினேன். அவர் எழுந்து போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வந்தார். "ஆரஞ்சுப்பழம் உனக்கு ஆகுமாய்யா?" என்று கேட்டார். அவன் ஆகும் என்று தலையசைத்த பின்பு, ஒரு பழத்தை எடுத்துத் தோலுரித்து, சுளை சுளையாய்ப் பிரித்து அவன் கையில் வைத்தார்.